நண்பர் ஒருவரின் இடுப்பு மூட்டு

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், இருவருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. கடிதத்தில் நான் முடித்த பிறகுதான் நீ ஆரம்பிக்க முடியும்.

விஷயம் இதுதான். என் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து உருப்படாமல் போய்விட்டதாம். எழுபத்தெட்டு வயதில் இனி மாத்திரையெல்லாம் சும்மா மனத்திருப்திக்குத்தான், மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அதில் இரண்டு வழி உண்டு. தொடை எலும்புக்குள் உலோகத் தண்டை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் போட்டு நிறுத்துவது ஒரு வழி. சிமெண்டே இல்லாமல் சொரசொரப்பான தண்டை இறுக்கமாகத் தட்டி இறக்கிவிடுவது இன்னொன்று. நாளாக ஆக எலும்பே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளுமாம். என் எலும்பு மெலிந்துவிட்டது, தட்டினால் விரிசல் விடலாம், அதனால் எனக்குச் சிமெண்ட்தான் நல்லது என்று படம் வரைந்து காட்டினார். நான் வார்டனாக இருந்த ஹாஸ்டலில் மாணவிகளைப் பார்க்க வரும் அண்ணன்மார் மாதிரி சின்னப் பையனாக இருக்கிறார், ஆனால் விளக்கமாகச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். நாற்பது வருஷம் கட்டடம் கட்டியவன் என்ற உரிமையில் நீ அபிப்பிராயம் சொல்ல வருவாய். நான் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உன் கடிதம் வந்தது. நீ கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனாலும் சிமெண்ட் என்ற சொல்லைப் படித்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னிடம் வேலை பார்த்த கொத்தனார்கள் என்னைக் காறித் துப்புவார்கள்.

சிமெண்ட் போடச் சொன்னது சரியான முடிவு. அந்தப் பையன் பிழைத்துக்கொள்வான். சிமெண்ட் இல்லாமல் தூண் நிறுத்துவதாவது! ஆனால் சில விஷயங்களை நீ அவனிடம் கறாராகக் கேட்டுவிட வேண்டும். சிமெண்ட் மூட்டை புதிதா, கோடவுனில் கிடந்து கட்டி தட்டியதா? கலவையை யார் போடுவது, அவருக்கு அனுபவம் உண்டா? இதெல்லாம்கூடப் போகட்டும். முக்கியமானது போட்ட பிறகுதான். ஈரச்சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் காட்டி, மூன்று வாரம் பாரம் ஏற்றாமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடும். மேலே பார்த்தால் தெரியாது. இதில் நான் பட்டது கொஞ்சநஞ்சமில்லை.

கூடவே இருந்து மேற்பார்வை பார்க்க ஆசைதான். ஆனால் இங்கே ஒருவர் மாடிக்குக் கூரை போடுகிறார், நான் பக்கத்தில் நின்றால்தான் வேலை நடக்கும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். தலைக்கு மேல் வேலை. மனசு அங்கேதான் இருக்கும்.

தைரியமாக இரு.

அன்புடன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அனைவரையும் விசாரித்ததாகச் சொல். கையெழுத்து என் மகளுடையது. ஊசி குத்திய கை இன்னும் வீங்கியிருக்கிறது, வாய்க்கு ஒன்றுமில்லை.

ஆபரேஷன் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடிந்தது. மறுநாளே எழுந்து நடந்தேன். வார்டு முழுக்க வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. உன் ஈரச்சாக்கு யோசனையை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நர்ஸ் அவருடைய காகிதங்களைப் பிடித்துக்கொண்டாள். இது நம் மூட்டை சிமெண்ட் இல்லையாம், பசை மாதிரி ஒன்று. கால் மணி நேரத்தில் கல்லாகிவிடும், உடனே பாரம் ஏற்றலாம்.

குந்தக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. கழிப்பறையில் ஓர் உயரமான இருக்கை மாட்டியிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் யாரையாவது கூப்பிட்டு உத்தரவு போடத் தோன்றுகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. கூரை போட்டாயிற்றா?

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. மறுநாளே நடந்தாயா? படித்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் விழாமல் இருக்கிறாயே, சந்தோஷம். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். ஊரே நடுங்குகிற விஷயத்தை நீ பல் தேய்க்கிற மாதிரி செய்துவிட்டு வருவாய். கூரை வேலை கொஞ்சம் இழுக்கிறது.

ஒரு சின்ன விஷயம். எனக்கு இங்கே ஒரு நண்பர் இருக்கிறார். என் வயதுதான், அறுபத்தேழு. அவரும் கட்டடத் தொழிலில் இருந்தவர். பாவம், அவருக்கு இடது இடுப்பு. எலும்பு கெட்டியாக இருக்கிறது, சிமெண்ட் வேண்டாம், தட்டி இறக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நண்பருக்கு இதில் நம்பிக்கை இல்லை. எலும்பு வளர்ந்து பிடிக்கும் என்கிறார்கள். அதற்கு மனசில்லாமல் போய்விட்டால்? குழியில் தூணை வைத்துவிட்டு மண் தானாக வந்து மூடிக்கொள்ளும் என்று எந்த மேஸ்திரியாவது வீட்டுக்குப் போவானா? இது நான் கேட்பதல்ல, அவர் கேட்பது.

மயக்கம் கொடுக்கும்போது எப்படி இருக்கும், எப்போது தெளியும், கண்டிப்பாகத் தெளியுமா என்றும் அறிய விரும்புகிறார். நீ அனுபவசாலி என்பதால் கேட்டு எழுதச் சொன்னார்.

அன்புடன் தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இப்போது கையெழுத்து என்னுடையதே. உன் நண்பரை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

ஹாஸ்டல் வார்டனாக நான் முந்நூறு பெண்களை மேய்த்தவள். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தனக்கென்று ஒரு கஷ்டம் வந்ததே கிடையாது, எல்லாம் தோழிக்குத்தான் வரும். தோழிக்குக் காய்ச்சல், தோழிக்கு வீட்டு ஞாபகம், தோழி சுவர் ஏறிக் குதித்துக் கால் சுளுக்கிக்கொண்டாள். சொல்கிறவள் நொண்டிக்கொண்டே போவாள். ஆகவே நண்பர்களின் கஷ்டத்தைக் கேட்டுப் பழகியவள் நான், கூச்சப்படாமல் கேட்கச் சொல்.

என் டாக்டரிடம் விசாரித்தேன். அறுபத்தேழு வயதில் எலும்பு கெட்டியாக இருந்தால் சிமெண்ட் இல்லாததும் நன்றாகவே நிற்குமாம். தட்டி இறக்குகிற இறுக்கமே முதலில் தாங்கும், எலும்பு பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். வயது ஏறி எலும்பு மெலிந்தவர்களுக்குத்தான் சிமெண்டை விரும்புகிறார்கள். மயக்கம் கண்டிப்பாகத் தெளியும். தெளியாவிட்டால் இந்தக் கடிதத்தை யார் எழுதுகிறார்கள்?

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. தபால் பெட்டி வரைக்கும் என் பின்னால் வந்து பார்க்க அவரால் முடியாது. அந்த அளவில் இருக்கிறது நிலைமை.

அந்த நண்பர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கூரை போடவில்லை, இவரைக் கூப்பிடவும் இல்லை. மாடியில் படுக்கை இருக்க, வாசல் அறை சோபாவில் படுக்கிறார். காற்று நன்றாக வருகிறதாம். அந்த அறையில் ஜன்னலே கிடையாது. காலையில் செருப்பை நான்தான் மாட்டிவிடுகிறேன். போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டு, சோப்பு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் டாக்டர் சிமெண்ட் வேண்டாம் என்றார். சிமெண்ட் இல்லாமல் செய்கிறவன் போலி என்று வந்துவிட்டார். இரண்டாவது டாக்டர், பயமாயிருந்தால் சிமெண்டும் போடலாம் என்றார். அது பழைய முறை, காலாவதியாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டார். மூன்றாவது டாக்டர் களிமண் வைத்துப் பூசலாம் என்றாலும் இவருக்கு ஒரு குறை கிடைக்கும். இன்னும் தள்ளிப்போட்டால் தொடைத் தசை சூம்பிப்போய், பிறகு மூட்டை மாற்றினாலும் நாற்காலியோடுதான் காலம் தள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை அண்ணி.

இன்னொன்று. சிமெண்ட் உள்ளே போனபோது உங்கள் பிரஷர் இறங்கி எல்லோரையும் கலங்கடித்ததை உங்கள் மகள் போனில் சொன்னாள். நீங்கள் எழுதாததை நானும் இவரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் ஆஸ்பத்திரி இருக்கிற தெருப்பக்கமே போகமாட்டார். நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். நீங்கள் அதட்டினால் கேட்பார்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நண்பரின் நினைவாகவே இருக்கிறேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் நண்பருக்குச் சிமெண்டைப் பற்றிக் கவலையே கிடையாது. சிமெண்ட் என்றால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் சிமெண்ட் எங்கே என்பார். இதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, சப்பைக்கட்டு. அவருக்குக் கத்தியைக் கண்டால் பயம். எழுபத்தெட்டு வயதுக் கிழவி ஒருத்தி போய் ஜம்மென்று நடந்து வந்திருக்கிறாள். கட்டடத்தின் உச்சியில் நின்று நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கியவர் சோபாவில் சுருண்டு கிடக்கலாமா? அப்படிப்பட்டவருக்குத் தொடைநடுங்கி என்று பெயர். நான் சொன்னதாகவே சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மனம் புண்பட்டுவிட்டது. இனி அவர் உன்னிடம் எதையும் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் எழுதிய இரண்டு அட்டைகளுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் நீ குளிக்கிறாய் என்கிறார்கள். உலகத்திலேயே சுத்தமான மனிதன் நீதான்.

அதட்டினால் நீ கேட்பாய் என்று நினைத்தேன். முந்நூறு பெண்களிடம் பலித்ததே என்ற திமிர். அது தப்பு. அதனால் இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உன் நண்பரிடம் படித்துக் காட்டு.

மறுநாளே எழுந்து நடந்தேன் என்றேனே, அது பொய். சிமெண்டை உள்ளே வைத்ததும் என் பிரஷர் சரிந்துவிட்டது. வயதானவர்களில் சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். அதற்காகத்தான் மயக்க டாக்டர் தலைமாட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்த்தார், மருந்து கொடுத்தார், மீட்டுவிட்டார். சில நாள் உடம்பெல்லாம் குழாயாகக் கிடந்தேன். எழுந்து நிற்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நின்றதும் தலை சுற்றி நர்ஸ் மேலேயே சாய்ந்தேன். அவள் என்னைவிட ஒல்லி.

இதைக்கூட எப்படியாவது எழுதியிருப்பேன். எழுத முடியாதது வேறு. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நான் அழுதேன். கொஞ்சமில்லை, மூக்கு ஒழுக அழுதேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர், "அம்மா, சட்டைய விடுங்க, நானும் உங்களோட உள்ளதான் வர்றேன்" என்றார். அப்போதும் விடவில்லை. கதவருகே நீ நிற்கிறாயா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். உனக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தும் பார்த்தேன்.

எந்த மூட்டு, சிமெண்ட் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியும். அந்தக் கதவுக்கு முன்னால் எவ்வளவு பயமாயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவும் ஆன பிறகும், இன்று காலை வலியில்லாமல் கடைக்குப் போய் வந்தேன். உன் நண்பரைத் தொடைநடுங்கி என்றதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதத்தை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மூக்கைச் சிந்தினார், ஜலதோஷம் என்றார்.

நீ மறுநாளே நடந்துவிட்டாய் என்ற கடிதம் வந்த நாளிலிருந்து, இந்த உலகத்தில் பயப்படுகிற ஆள் தான் ஒருவன்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். வெட்கத்தில் வெளியே சொல்ல முடியவில்லையாம். உன் பிரஷர் இறங்கியதைக் கேட்டு அவர் இன்னும் பயந்துபோயிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மறுநாள் காலையில் முதல் டாக்டரிடம் ஆட்டோ வைத்துக்கொண்டு போய்விட்டார். ஜூன் பதினெட்டு என்று தேதி. சிமெண்ட் இல்லாத வகை. நண்பர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போன தடவை பட்ட பாட்டை நினைத்து டாக்டருக்கே சந்தேகம் வந்து, எல்லாம் புரிந்ததா என்று இரண்டு முறை கேட்டார்.

ஒரே ஒரு விஷயம். நண்பருக்கு ஓர் அக்கா இருக்கிறாள். வெளியூர். வயதானவள், அவளுக்கும் இப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவள் அன்றைக்கு வந்து கதவருகே நின்றால் நன்றாயிருக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஆனால் அவளுடைய ஆபரேஷனுக்கு அவர் போகவில்லை. ஏதோ பொய்யைச் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று மென்று முழுங்குகிறார். என்ன செய்யலாம் என்று நீ சொன்னால் அவரிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன் தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நண்பரிடம் சொல்: அவருடைய அக்கா பதினாறாம் தேதி காலை ரயிலில் வருகிறாள். உயரமான நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்து வைக்கவும்.

உன் அக்கா


ஜூன் 20
ஆஸ்பத்திரி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். நலமா என்று கேட்க வேண்டிய அவசியமில்லை, குறட்டை இரண்டு வார்டுக்குக் கேட்கிறது. எழுப்பினால் பேச்சு முழுவதும் உன்னுடையதாகிவிடும். மத்தியானச் சாப்பாடு வருவதற்குள் எழுதி உன் பையில் வைத்துவிடுகிறேன்.

அன்றைக்கு எனக்கு மயக்கம் தெளிந்தபோது முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் சத்தம் விழுந்தது. படுக்கை விரிப்பில் சுருக்கம் இருக்கிறது என்று யாரோ நர்ஸை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். செத்துப்போன இடத்தில் உன்னை இப்படிப் பேச விடமாட்டார்கள். அதற்கப்புறம் கண்ணைத் திறந்தேன். நீ இருந்தாய். எனக்கு அது போதுமாயிருந்தது அக்கா. இத்தனை மாதமும் நான் சிமெண்ட் சிமெண்ட் என்று கத்தியதெல்லாம் இதைக் கேட்கத் தெரியாமல்தான்.

நேற்றுக் காலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வாக்கரோடு வந்து நிற்கச் சொன்னபோது நான் நடந்துகொண்டது உனக்கே தெரியும். எலும்பு இன்னும் வளர்ந்து பிடிக்கவில்லை, பிடிக்காத தூணில் பாரம் ஏற்றுவது தொழில் தர்மம் இல்லை என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். அந்தப் பெண் பொறுமையாக, இறுக்கித்தான் இறக்கியிருக்கிறார்கள், இப்போதே தாங்கும் என்றாள். யார் சோதித்துப் பார்த்தது என்று கேட்டேன். நான் டாக்டரையே கூப்பிடச் சொல்லியிருப்பேன். நீ குறுக்கே வந்து, சத்தமே போடாமல், "எழுந்திருடா. பயமா இருந்தா பயந்துகிட்டே எழுந்திரு" என்றாய். நீ சத்தம் போடாமல் பேசி நான் கேட்டதே இல்லை. எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். வழி முழுக்கப் பயமாகத்தான் இருந்தது. கால் தாங்கியது.

இனி நீ கோபப்படப் போகிற விஷயம். திரும்பி வரும்போது உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேற்று முழுக்கப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது புது இடுப்பை நம்பித்தான் எழுகிறாய். இடது காலை ஒரு கணம் தரையில் வைக்க யோசிக்கிறாய். நான் ஒன்றரை வருஷம் செருப்பு மாட்ட ஆள் வைத்துக்கொண்டவன், எனக்கா தெரியாது? நீ முகம் கழுவப் போன நேரத்தில் உன் மகளுக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு உடைத்துவிட்டாள். இடது பக்கமும் மாற்ற வேண்டும் என்று ஏப்ரலிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். நீ, தம்பி காரியம் முடியட்டும் என்று வாயைத் திறக்கவில்லையாம். ஒருமுறை பிரஷர் இறங்கியதற்கப்புறம் உனக்கு அந்தக் கதவை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னாள். அப்படி இருந்தும் ரயில் ஏறி வந்து எனக்காக அதே மாதிரி ஒரு கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு ஜலதோஷம் இல்லை.

தேதி வாங்கச் சொல்லிவிட்டேன். செப்டம்பர். அதற்குள் என் கால் நன்றாகத் தேறிவிடும் என்கிறார்கள். இந்தத் தடவை சிமெண்டா, சிமெண்ட் இல்லாததா என்று நான் வாயைத் திறக்கமாட்டேன், அது உன் டாக்டர் பாடு. முதல் நாளே வந்துவிடுவேன். ஸ்ட்ரெச்சரோடு கதவு வரைக்கும் நடப்பேன். நீ கண்ணைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பேன்.

பயந்துகொண்டேதான் வருவேன். ஆனால் வருவேன்.

உன் தம்பி